நகரசபையும் நிலமும்

மக்கள் பெருகுவர், நிலம் பெருகாது. ஆதலின், குறைந்த நிலத்திலே நிறைந்த குடிகளை நலமுற வாழ்விப்பது எங்ஙனம் என்பது நகரசபைகள் பலவற்றை எதிர்நோக்கும் வினாவாகும். கட்டிடம் எழுப்புதலினும் நிலத்தை ஆளுதலே இதற்கு முதற்படி என்பதை ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவின் வரலாறு விளக்கும்.

முதலாம் உலக மகாயுத்தத்துக்கு முன்னர் அந்நகர்த் தொழிலாளர் நெருக்கமான வாடகை இல்லங்களில் வதிந்தனர். ஒரு மனையின் 85 சதவீதம் வரை கட்டிடத்தால் மூடுவதற்கு அன்றைய விதிகள் இடங்கொடுத்தன. ஒளியும் காற்றும் புகாத அறைகளிற் காசநோய் குடிகொண்டது.

1922இல் வியன்னா தனி மாகாணமாகி, வரி விதிக்கும் உரிமையைப் பெற்றது. அதன்பின் நகரசபை மூன்று கருவிகளைக் கையாண்டது. முதலாவது வரி. 1923இல் விதிக்கப்பட்ட வீடமைப்பு வரி, சிறு வீட்டுக்கு மிகக் குறைவாகவும் மாளிகைக்கு மிக அதிகமாகவும் அமைந்தது. இரண்டாவது நிலக்கொள்வனவு. வாடகைக் கட்டுப்பாட்டினால் வீட்டு வாணிகத்தில் இலாபம் அருகவே நிலவிலை தாழ்ந்தது. சபை மனைகளை வாங்கிச் சேர்த்தது. மூன்றாவது பரப்பு வரையறை. சபை எழுப்பிய குடியிருப்புக்கள் மனையிற் பாதிக்குமேல் மூடாதவாறு அமைக்கப்பட்டன.

1930இல் திறக்கப்பட்ட கார்ல் மாக்ஸ் மனையில் 1,382 வீடுகள் அமைக்கப்பட்டன. எனினும் அங்கு கட்டிடம் கொண்ட இடம் நிலத்தில் ஐந்திலொரு பங்கினுங் குறைவு. எஞ்சியது முற்றமும் சோலையுமாம். அடர்த்தி வேறு, நெரிசல் வேறு என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1934ஆம் ஆண்டுக்குள் ஏறக்குறைய 60,000 வீடுகள் இவ்வாறு எழுந்தன.

அந்நெறி இன்றும் வழக்கொழியவில்லை. வயல் நிலம் குடியிருப்பு நிலமென வகுக்கப்பட்ட மாத்திரத்தே அதன் விலை பன்மடங்கு உயர்கின்றது. அவ்வுயர்வு உடையவனின் உழைப்பால் வந்ததன்று; சபையின் தீர்மானத்தால் வந்தது. இதனைக் கருதியே, புதிதாக வகுக்கப்படும் பெருநிலங்களில் வீட்டுப் பரப்பின் மூன்றிலிரு பங்கு மானிய வீடுகளுக்கு உரியதாதல் வேண்டுமென்னும் விதி 2018இல் வியன்னாவின் கட்டிடச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. வரி விதிக்கவும் நிலம் வாங்கவும் அதிகாரமில்லாத சபையிடம் இக்கருவிகளைக் கொடுத்தாற் பயனில்லை. வியன்னாவும் மாகாண உரிமை பெற்ற பின்னரே அவ்வரியை விதித்தது. ஆகவே, எளியோர்க்கு நகரினுள் வீடு வேண்டுமென்போர், உள்ளூராட்சிக்கு நிதியும் அதிகாரமும் வேண்டுமென்பதையும் உடன்கூறுதல் கடனாகும்.