கிழமைக் கூத்து ஆடிய ஊரில் பாட்டுக்கு ஒரு கிழமை

மட்டக்களப்பில் அடுத்து எங்கே பாட்டு, எங்கே ஆட்டம் என்று அறிய நோட்டீஸ் தேவையில்லை, நாட்காட்டி போதும். பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல்லு வீடு வந்துவிட்டால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மத்தளம் கேட்கத் தொடங்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்தால் குளுர்த்தி முடியும்வரை உடுக்கும் காவியமும் ஓயாது. ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் என்றால் ஊரே அங்கே திரளும். நத்தார் நெருங்கினால் கரோல் குழுக்கள் வீடு வீடாகப் புறப்படும். முஸ்லிம் ஊர்களின் கல்யாண வீடுகளில் பொல்லடி, பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலினும் கிற்றாரும்.

இத்தனை பேருக்கும் நாள் குறித்து வைத்திருக்கிற இந்த வாவிக்கரை, ஒரு கூட்டத்துக்கு மட்டும் நாள் ஒதுக்கவில்லை. சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தமாக மெட்டுப்போட்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து வாசிக்கிற இளம் இசைக்குழுக்கள்தான் அவை.

பாட்டு உண்டு, இரவு இல்லை

இசை படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. காரைதீவில் 1892இல் பிறந்து, பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதிய சுவாமி விபுலாநந்தரின் சமாதி கல்லடி உப்போடையில்தான் இருக்கிறது. அவர் பெயரைத் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகமும் கல்லடியில்தான். 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிய அது, பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் என்று முறையாகக் கற்ற பட்டதாரிகள் அங்கிருந்து வெளியே வருகிறார்கள். இவர்களோடு தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் பழகிய பிள்ளைகளையும், கோயில் திருவிழா மேடையில் கீபோர்ட் வாசிக்கிற பொடியன்களையும், கைப்பேசியிலேயே ராப் பாட்டுப் பதிந்து யூடியூப்பில் ஏற்றுகிறவர்களையும் கூட்டிப் பாருங்கள். ஆள் தட்டுப்பாடு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இவர்கள் மேடையேறுகிற இடங்களைப் பாருங்கள். கல்யாணம், திருவிழாவின் கடைசி இரவு, பாடசாலை ஒன்றுகூடல், பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல். எல்லா இடத்திலும் கேட்கப்படுவது சினிமாப் பாட்டு அல்லது ஊரறிந்த பைலா. காசு கொடுத்துப் பிடிக்கிறவர் தனக்குத் தெரிந்த பாட்டைத்தானே கேட்பார்? அதில் பிழையில்லை. சொந்தப் பாட்டு ஒன்று பாடட்டுமா என்று கேட்டால், "கடைசியாப் பாப்பம் தம்பி" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தக் கடைசி வருவதற்குள் சவுண்ட் செற்காரர் வயர் சுருட்டத் தொடங்கிவிடுவார்.

பாட்டை இணையத்தில் ஏற்றலாமே என்பார்கள். ஏற்றுகிறார்கள்தான். ஆனால் அங்கே கிடைப்பது பார்த்தவர் எண்ணிக்கை. எந்த வரியில் கூட்டம் சோர்ந்தது, எந்த இடத்தில் கால் தாளம் போட்டது என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்ல ஆட்கள் எதிரே உட்கார வேண்டும். அதுவும் ஒருமுறை உட்கார்ந்தால் போதாது.

கூத்துக்காரர் கண்டுபிடித்த வழி

இந்த இரகசியத்தை மட்டக்களப்புக் கூத்துக்காரர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கூத்து என்றால் அரங்கேற்ற இரவையே வெளியூர்க்காரர் நினைப்பார்கள். ஊர்க்காரருக்கு அது பல மாத வேலையின் முடிவு. ஊர் கூடி எந்தக் கூத்து என்று தீர்மானிக்கும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் உடம்பையும் பார்த்து ஆளுக்கு ஆள் பாத்திரம் பிரித்துச் சட்டம் கொடுப்பார். ஆட்டமும் பாட்டும் ஓரளவு பிடிபட்டதும் கிழமைக் கூத்துத் தொடங்கும். கிழமையில் ஒரு இரவு, களரி என்ற ஆடுகளத்தில், ஊரார் பார்க்க ஆடிப் பழகுவது. சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் போன்ற படிகளையும் தாண்டித்தான் அரங்கேற்றத்துக்கு வருவார்கள். அது முடிந்தாலும் விடுவதில்லை. வீடு வீடாகப் போய் ஆடுவார்கள்.

இதில் கிழமைக் கூத்துதான் அச்சாணி. உடுப்பு இல்லை, ஒப்பனை இல்லை, பிழை விட்டால் ஊர் மன்னிக்கும். ஆனால் சும்மா மன்னிக்காது. வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் உட்கார்ந்திருக்கிற கிழவர்கள், இதே கூத்தை இளமையில் தாங்களே ஆடியவர்களாக இருப்பார்கள். பாட்டுத் தரு இழுபட்டால், ஆட்ட மிதி தப்பினால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். அடுத்த கிழமை அந்தப் பிழை இருக்காது. கூத்தின் இரு வகைகளான வடமோடி, தென்மோடி இரண்டும் இப்படிக் கிழமை கிழமையாகத் தீட்டப்பட்டு வந்த கலைகள்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி நகர மேடைக்குக் கொண்டுபோனார். 1962இல் மேடையேறிய 'கர்ணன் போர்' அதில் முதன்மையானது. மட்டக்களப்பிலிருந்து போன மாணவர் சி. மௌனகுரு அந்த முயற்சியில் வளர்ந்து, பின்னாளில் கூத்து ஆய்வின் பெரிய பெயரானார். அதன் பிறகு 'மூன்றாவது கண்' குழுவும் சி. ஜெயசங்கரும் வேறு திசையில் நடந்தார்கள். கூத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, சீலாமுனை போன்ற ஊர்களில் ஊராரோடு சேர்ந்து களரியிலேயே மீளுருவாக்கினார்கள். மண்டபமா களரியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் கூத்தைக் காப்பாற்றியது எது என்று கேட்டால் நான் திரும்பத் திரும்ப வருகிற நாளைத்தான் சொல்வேன். போர்க்காலத்தில் இரவு என்பதே பயமாக மாறி, களரி கூட முடியாமல் போனபோதுதான் பல ஊர்களில் கூத்துத் தளர்ந்தது. அண்ணாவிமாரின் கொப்பிகள் பல ஊர்களில் பத்திரமாகவே இருந்தன. ஆட இரவு இருக்கவில்லை.

பத்தாண்டு ஆட்சி, நானூறு ஆண்டுப் பாட்டு

திரும்ப வரும் நாளுக்கு இன்னொரு சாட்சி புளியந்தீவுக் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய அந்தக் கோட்டை 1638இல் ஒல்லாந்தர் கையில் விழுந்தது. பத்தே ஆண்டுகள். ஆனால் போர்த்துக்கேயம் கலந்த கிரியோல் மொழியும் அதன் பாட்டும் ஆட்டமும் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் இன்றைக்கும் இருக்கின்றன. தச்சும் இரும்பு வேலையும் இயந்திரத் திருத்தமும் அவர்களில் பலருக்குத் தொழில். மேடைக் கலைஞர் என்று அவர்களை யாரும் அழைத்ததில்லை.

அவர்களுடைய கஃப்ரிஞ்ஞா இசையில் வயலின் முன்னே போகும்; கிற்றாரும் மண்டலினும் பின்னே வரும்; ஆறுக்கு எட்டுத் தாளத்தில் மேளம் துள்ளும். லான்சர்ஸ் ஆட்டத்துக்கு நாலு சோடி சதுரமாக நிற்க வேண்டும். இந்தத் தாளம்தான் தென்னிலங்கையில் வாலி பாஸ்டியன் போன்றவர்கள் கையில் சிங்கள பைலாவாகி, கடைசியில் நம் ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி'யாகத் தமிழ்நாடுவரை ஓடியது.

பறங்கியரின் பாடல்கள் ஆய்வாளர்களையும் இழுத்தன. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் போர்த்துக்கேயக் கிரியோல் பாடல்களைப் பற்றி கென்னத் டேவிட் ஜாக்சன் 1990இல் ஒரு நூல் எழுதினார். 2010களின் பிற்பகுதியில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹ்யூகோ கார்டோசோவும் அவரது குழுவினரும் இங்கே வந்து பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்தார்கள். இடையில் 2004 டிசம்பர் 26 வந்தது. டச்பார் கரையில் இருந்த பறங்கியர் குடியிருப்பைக் கடல் அடித்துப் போனது. உயிர்கள் போயின, வாத்தியங்கள் போயின, மிஞ்சியவர்கள் வேறிடங்களில் குடியேறினார்கள்.

அதன் பிறகும் இசை நிற்கவில்லை. மொழியை வீட்டில் பேசுகிற இளையவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் கல்யாணம் வந்தால் வயலின் வெளியே வரும். அழைப்பு நிச்சயம், ஆட்டம் நிச்சயம், வாசிக்க ஆள் வேண்டும் என்பதும் நிச்சயம். அதனால் அடுத்த தலைமுறையில் யாராவது ஒருவர் பழகியே ஆகவேண்டும்.

விழா போதாது

போர் முடிந்தபின் பெரிய மேடைகளும் வந்தன. 2011 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் நடந்த இசை விழாவில் நாட்டின் பல பக்கத்து நாட்டார் கலைக் குழுக்களும் வெளிநாட்டுக் குழுக்களும் கூடின. அடுத்த ஆண்டு காலியில் நடந்தது. நல்ல முயற்சி. ஆனால் விழா என்பது மேடை கழற்றியதும் முடிந்துவிடும். அடுத்த மாதம் வாசிக்க எங்கே போவது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

சென்னையில் நடந்தது பாடம். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல் நிகழ்ச்சி நடத்தியது. கானாவும் ராக்கும் ராப்பும் கலந்த அந்தப் பாட்டுகள் பேசப்பட்டன. அதோடு நின்றிருந்தால் ஒரு நல்ல இரவாக மட்டும் போயிருக்கும். அந்தக் குழுவுக்குப் பின்னால் இருந்த இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மியூசிக் அகாடமி 1928இல் தோன்றிய நாளிலிருந்து கர்நாடக இசைச் சபாக்கள் மெல்ல மெல்லத் தமக்கென்று ஆக்கிக்கொண்ட மாதம் மார்கழி. அந்த மாதத்திலேயே கானாவுக்கும் பறைக்கும் ஒப்பாரிக்கும் இடம் பிடித்ததுதான் கெட்டித்தனம். ஆண்டுதோறும் அந்தக் காலம் வரும் என்று கேட்பவருக்கும் தெரியும், பாடுகிறவருக்கும் தெரியும்.

போயாவுக்கு அடுத்த சனி

மட்டக்களப்புக்கு ஏற்ற நாள் எது? முழுநிலவு இரவுகளில் வாவிக்குள் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்கிற வழக்கம் இங்கே பழையது. 1950களில் அமெரிக்க இயேசுசபைத் துறவி லாங் அடிகளார் அதைப் பதிவுசெய்தார்; அந்தப் பதிவு இலங்கை வானொலியிலும் ஒலித்தது. முழுநிலவு நாள் போயா விடுமுறை. அன்றைக்கே கச்சேரி வைப்பது சரிவராது. அது சமய அனுட்டான நாள், கட்டுப்பாடுகளும் உண்டு. அதற்கு அடுத்த சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை, யாரும் நினைவுபடுத்தாமலே வரும்.

இடத்துக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். தேவநாயகம் மண்டபம் இருக்கிறது, கல்லடியில் இராஜதுரை அரங்கு இருக்கிறது, வாவியோரம் காந்திப் பூங்கா இருக்கிறது. நூறு பேருக்கும் குறைவான கூட்டத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் நாலு மைக்கும் போதும். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவிய பிறகு, கிற்றார்க் கம்பிகூட யோசித்து வாங்குகிற சாமானாகிவிட்டது. ஆகவே பெரிய மேடை, பெரிய வெளிச்சம் என்ற ஆசையைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது. ஒரு இரவுக்கு மூன்று குழு. ஆளுக்கு அரைமணி நேரம். அதில் பாதியாவது சொந்தப் பாட்டு. வாசலில் ஒரு பெட்டி. விழுவதை மூன்றாகப் பங்கு போடலாம்.

ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும். படுவான்கரைக்காரர் வீடு போக வேண்டுமே. முன்பென்றால் மண்முனைத் துறையில் மிதவைப் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். 2014இல் பாலம் வந்தது. அதற்கு முந்திய ஆண்டே கல்லடியில் புதுப் பாலமும் வந்துவிட்டது. இரவில் வாவியைக் கடப்பது முன்போலக் கடினமில்லை. பெண்பிள்ளைகள் பாடவும் கேட்கவும் வருவதற்கு இந்த நேர ஒழுங்கு முக்கியம். நள்ளிரவுக் கச்சேரி என்றால் ஊரில் பாதிப்பேரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதாகிவிடும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. முதல் மாதம் முப்பது பேர் வரலாம், இரண்டாம் மாதம் பத்துப்பேராகக் குறையலாம். அப்போது நிறுத்தக்கூடாது. அரங்கேற்றத்தை மட்டும் எண்ணிக்கொண்டு யாரும் கூத்துப் பழகவில்லை; கிழமை வந்தால் சிலர் மட்டுமே பார்த்தாலும் ஆடினார்கள். பன்னிரண்டு சனிக்கிழமை விடாமல் நடத்திவிட்டால், பதின்மூன்றாவது சனிக்கு நோட்டீஸ் ஒட்ட வேண்டியிருக்காது.