ஐந்து வோல்ட்டை எங்கே அளப்பது?

1979-இல் அட்டாரி வெளியிட்ட ‘ஆஸ்டராய்ட்ஸ்’ ஆர்கேட் பெட்டி ஒன்று பழுதுக்கு வந்திருக்கிறது. ஆட்டம் பாதியில் தானாக ரீசெட் ஆகிறது. உடனே சிப்பைக் கழற்றத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். டீ ஆறுவதற்குள் பவர் சப்ளையைப் பார்த்துவிடலாம், வாருங்கள்.

பெட்டியின் அடியில் கனமான டிரான்ஸ்ஃபார்மர், பியூஸ்கள், ‘பிக் ப்ளூ’ என்று பெயர் வாங்கிய பெரிய நீலக் கெப்பாசிட்டர். இங்கே கிடைக்கும் சுமார் 10 வோல்ட் டிசி, ரெகுலேட்டர் போர்டுக்குப் போய் 5 வோல்ட்டாகிறது. சிப்புகள் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜை ரெசிஸ்டர் வைத்து இறக்குங்கள். மானிட்டர் பக்கம் கை போகவே வேண்டாம். அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். பியூஸைக் கழற்றி மீட்டரில் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். அதைப் பிடிக்கும் கிளிப் கறுத்துத் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பிறகு போர்டு ஓடும்போது கெப்பாசிட்டரின் மேல் மீட்டரை ஏசியில் வையுங்கள். ஒரு வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் கெப்பாசிட்டர் வறண்டிருக்கும், அல்லது ரெக்டிஃபையரில் ஒரு டையோடு போயிருக்கும்.

இனிதான் சூட்சுமம். 5 வோல்ட்டை ரெகுலேட்டரிலும் அளக்க வேண்டும், கேம் போர்டிலும் அளக்க வேண்டும். ரெகுலேட்டரில் 5.4, போர்டில் 5.0 என்று வந்தால்? கீழே ஒருவர் மோட்டாரைத் திறக்க, மாடிக் குழாயடியில் இன்னொருவர் “இன்னும் வரணும்” என்று குரல் கொடுப்பதுபோல, ‘சென்ஸ்’ என்ற தனி ஒயர்கள் போர்டில் உள்ள வோல்ட்டை ரெகுலேட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வழியில் எங்கே இழப்பு வந்தாலும் ரெகுலேட்டர் ஏற்றிக் கொடுத்துச் சமாளிக்கும். நோய் வெளியே தெரியாது.

இழப்பு பெரும்பாலும் கேம் போர்டின் விளிம்பில் மாட்டும் எட்ஜ் கனெக்டரில்தான். நான்கு ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதையில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலே 0.4 வோல்ட் காணாமல் போகும், 1.6 வாட் சூடாக மாறும். சூட்டில் பின் இன்னும் கறுக்கும், தடை இன்னும் கூடும். முற்றிவிட்டால் மெல்லிய சென்ஸ் பாதை வழியாகவே கரண்ட் பாய்ந்து, அங்குள்ள சின்ன ரெசிஸ்டர்கள் கருகும்.

ஆகவே வோல்ட் குறைகிறதென்று, ரெகுலேட்டரில் அதைக் கூட்டிக் குறைக்கும் டிரிம்பாட்டைத் திருகாதீர்கள். போர்டின் விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் பூச்சு போய்விடும். கனெக்டரில் கறுத்த பின்களை மாற்றுங்கள். இரண்டு இடத்து அளவும் நெருங்கி வந்த பிறகு போர்டில் 5.0 காட்டும்படி டிரிம்பாட்டை வையுங்கள்.

“புது எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டினால் போதாதா?” என்று கேட்பீர்கள். மானிட்டருக்கு வேண்டிய ஏசியும் இதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் போகிறது. அதைத் தூக்கிப் போட முடியாது. கறுத்த கனெக்டரும் அப்படியேதான் இருக்கும். சென்ஸ் இல்லாத சப்ளை சரியாக 5 வோல்ட் கொடுத்தாலும் போர்டுக்குப் போய்ச் சேருவது 4.6. ரீசெட் தொடரும்.