சத்துணவுக் கூடத்திலிருந்து பார்த்தால்: பிள்ளைகளுக்கான மனநல சேவை எப்படி இயங்குகிறது?

ஸ்ரீபெரும்புதூர் அருகே பென்னலூர்ப் பக்கம் பல வீடுகளில் சாப்பாடும் தூக்கமும் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டையின் ஷிஃப்ட் நேரப்படிதான். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட். அப்படியொரு வீட்டில், அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கும் பிள்ளை சில வாரங்களாகச் சரியாகத் தூங்குவதில்லை, வகுப்பில் யாரிடமும் பேசுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்கு யார் உதவுவார், எப்போது உதவுவார் என்பதை டெல்லியிலும் சென்னையிலும் போடப்படும் உத்தரவுகளே முடிவு செய்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள அதே பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குப் போவோம். எம்.ஜி.ஆர். அரசு சத்துணவைத் தொடங்கியது 1982 ஜூலையில். தேசிய மனநலத் திட்டம் பிறந்ததும் அதே 1982-ல்தான். ஒன்று மதியம் மணி அடித்ததும் தட்டுக்கு வருகிறது. மற்றது ஏன் வருவதில்லை?

பட்டியல்: சட்டம்

சுவரில் எழுதிய உணவுப் பட்டியலில் இருப்பதைத்தான் உரிமையோடு கேட்க முடியும். 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-ன் சட்டம் அவற்றை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. 'மக்கு' என்று திட்டு வாங்கிய பிள்ளை சான்றிதழ் பெறவும், தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவும் வழி பிறந்தது.

2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடுத்த ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளுக்கான மனநல சேவையை அரசு தர வேண்டும் என்று அதன் 18-ஆம் பிரிவு பெயர் சொல்லியே கூறுகிறது. மாவட்டத்தில் அந்தச் சேவை இல்லையென்றால், அங்குள்ள வேறு மனநல நிலையத்தில் ஆகும் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. 18 வயது நிரம்பாதவர்களைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது என்று சொல்வதும் இந்தச் சட்டம்தான். பட்டியலில் குறையில்லை.

அரிசி: நிதி

தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. வருகைப் பதிவைப் பார்த்து, தலைக்கு இவ்வளவு என்று அளந்து உலையில் போடுகிறார்கள். மனநலத்துக்கான நிதியில் அப்படித் தலைக்கணக்கு கிடையாது. 1996-ல் வந்த மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு எல்லா வயதினருக்கும் பொது. குடியை விட வந்தவரும் மறதி நோய் கண்ட பாட்டியும் நிற்கும் அதே வரிசையில்தான் பள்ளிப் பிள்ளையும் நிற்க வேண்டும்.

சமையலர்: பணியிடம்

சத்துணவு மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பணியிடங்கள் உண்டு. சமையலர் வராவிட்டால் மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மனநல ஆலோசகர் வராதது யாருக்கும் தெரியாது, பெரும்பாலான பள்ளிகளில் அந்தப் பணியிடமே இல்லை என்பதால். 2020-ல் வந்த மத்திய அரசின் பள்ளி நலத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாக்கியது. கணக்கு ஆசிரியரிடமே கரண்டியையும் கொடுத்த கதைதான் அது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்தது. சம்பளத்தோடு பணியிடம் உருவாக்கும் அரசாணை வந்தால்தான் அது உயிர்பெறும்.

பந்தி: பரிந்துரை

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு இருப்பதாகத் தெரிந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுக்கும். ஆனால் பயமும் துக்கமும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்து முகம் காட்டுவதில்லை.

பந்தியில் சாப்பாடு பிள்ளையைத் தேடி வருகிறது. இங்கேயோ எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளையோடு ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், தேவைப்பட்டால் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை என்று அலைய வேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி. மனநல சிகிச்சையோ ஒரு தடவையில் முடிவதில்லை. இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் பிள்ளை வாய் திறக்கும். கூலி போகிறதே என்று அதற்குள் நின்றுவிடும் குடும்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ருசி: கண்காணிப்பு

சத்துணவைப் பரிமாறுமுன் பள்ளியில் ஒருவர் ருசி பார்த்தாக வேண்டும். மனநல சேவையை எப்படி ருசி பார்ப்பது? எத்தனை முகாம் நடந்தது என்று எண்ணுவது எளிது. எத்தனை பிள்ளைகள் குணமாகும்வரை வந்தார்கள் என்பதுதான் உண்மையான கணக்கு. எத்தனை பேருக்குச் சேவை தேவை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூவர்.

பிள்ளையின் மனம் வாடியிருந்தால் இன்றே 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் ஒரு தொலைபேசி எண்ணோடு நாம் திருப்தியடையக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. மருத்துவக் குழு எந்தத் தேதியில் வரும், மனநல மருத்துவர் எந்த நாளில் அமர்வார் என்று அங்கே கேளுங்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் பெற்றோருக்காக ஸ்ரீபெரும்புதூரில் மாலை நேர மனநலப் பிரிவு, பள்ளிக்கு ஓர் ஆலோசகர் ஆகிய இரண்டையும் கிராம சபையில் தீர்மானமாக எழுதுங்கள். சத்துணவை நிலைக்க வைத்தது சமையலருக்கென்று ஒதுக்கிய பணியிடம். பிள்ளைகளின் மனநலத்துக்கும் நாம் கேட்க வேண்டியது அதையே.