வெட்ட வேண்டியது காயா, ஆளா?

லீவு விட்டால் தாயம் ஆடாதவங்க நம்ம கும்மிடிப்பூண்டியில உண்டா? அந்தத் தாயத்தால நானும் என் தோழியும் நாலு நாள் பேசாம இருந்தோம். ஏன்னு சொல்றேன், கேளுங்க.

முதலில் ஆட்டம். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறுமை, 1, 2, 3. சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழும். அதில் தாயம் (1) 2 விதம், 5-ம் 2 விதம், 6 ஒரு விதம், 12 (இரண்டும் வெறுமை) ஒரு விதம். இந்த நான்கும் விழுந்தால் இன்னொரு வாட்டி உருட்டலாம்.

சண்டை வந்தது ஒரே விதியில்: “வெட்டாம உள்ளே போகக் கூடாது.” என் காய் ஒண்ணு ஏற்கெனவே அவள் காயை வெட்டியிருந்தது. அந்தத் தைரியத்தில் வேறொரு காயை உள்கட்டத்துக்கு நகர்த்தினேன். “இந்தக் காய் வெட்டவே இல்லையே!” என்று கையைப் பிடித்துவிட்டாள். நான் சொன்னது எங்க ஆயா முறை. அவள் சொன்னது சூளூர்பேட்டையில் அவள் பாட்டி ஆடும் முறை. ரெண்டு பேருமே பொய் சொல்லலை. சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவைக் கேட்டோம். “ஆரம்பிக்கும்போதே பேசியிருக்கணும்” என்று தூங்கப் போய்விட்டார்.

தமிழ் வகுப்பில் ‘தோன்றா எழுவாய்’ நடத்தியபோதுதான் எனக்கு விளங்கியது. யார் வெட்டணும்? காயா, ஆளா? அந்த விதியில் எழுவாயே இல்லை!

அப்படியானால் விதி எதுக்காக வந்தது என்று பார்க்கணும். வெட்டு கட்டாயம் இல்லாவிட்டால், எல்லோரும் பெருக்கல் குறி போட்ட மலையில் ஒதுங்கி ஒதுங்கியே பழம் எடுத்துடுவாங்க. அதைத் தடுக்க ஆளுக்கு ஒரு வெட்டு போதும். 6 காயும் தனித்தனியா வெட்டணும்னா பொழுது சாய்ந்தாலும் ஆட்டம் முடியாது.

ஆனா ஒண்ணு. இது எனக்குச் சாதகமான பதில். ஆட்டத்தின் நடுவில் அதை நானே தீர்ப்பாகச் சொன்னது தப்பு.

அமெரிக்காவில் 1974-ல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கதை ஆட்டத்திலும் இப்படித்தான். மந்திரத் தீப்பந்தைச் சின்ன அறைக்குள் வீசினால், வீசினவனையே சுடுமா? அங்கே ஆட்டத்தை நடத்தவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் சொல்வதுதான் முடிவு. நம்ம திண்ணையில் அப்படி யாரும் கிடையாது.

ஐந்தாம் நாள் நானே போய், “அந்த ஆட்டம் உன்னுது” என்றேன். இப்போ கட்டம் போடும்போதே பக்கத்தில் சாக்பீஸால் விதியை எழுதிடுறோம், எழுவாயோடு! ஒரு ஞாயிறு அவள் முறை, அடுத்த ஞாயிறு எங்க முறை.

உங்க வீட்டில் எப்படி? தாளுக்குக் கீழே எழுதுங்கள்.

– 9 ‘ஆ’ பிரிவு மாணவி