ஒரு பெயர், இரு மரபு

மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் என்னும் பெயரின்கீழ் இருவேறு பணிசெயல் முறைமைகள் 1993 முதல் 2001 வரை அருகருகே வழங்கின. விண்டோஸ் 95, 98 என்பனவும் 2000இல் வெளியான 'மீ'யும் பழைய டொஸ்ஸின் வழிவந்தவை. 1993இல் தோன்றிய என்.ரி.யோ, முன்னர் டிஜிற்றல் நிறுவனத்தில் வி.எம்.எஸ். முறைமையை ஆக்கியோருள் ஒருவரான டேவிட் கட்லரின் தலைமையிற் புதிதாக எழுதப்பட்டது.

உறுதிப்பாட்டில் இவை வேறுபட்டமைக்கு நினைவகப் பாதுகாப்பே முதற்காரணம் எனலாம். என்.ரி.யில் முறைமைக்குரிய நினைவகத்தைச் சாதாரண செய்நிரல் எதுவும் தீண்டவியலாது. டொஸ் வழியினவற்றில் அதன் சில பகுதிகள் எல்லாச் செய்நிரல்களுக்கும் திறந்தே கிடந்தன. ஒன்று பிழைப்பின் கணினி முழுவதும் முடங்கும். (விண்டோஸ் 95இல் மில்லிசெக்கன்களை எண்ணும் 32 பிற்று எண்ணி 49.7 நாளில் நிரம்ப, கணினி உறைந்துவிடும். அத்தனை நாள் அது இடையறாது இயங்குவதே அரிதாகையால் இக்குறை வெளிப்படச் சில ஆண்டுகள் சென்றன!)

இதனைப் பொறியியலாளரின் அறியாமை எனக் கொள்ளுதல் பொருந்தாது என்பதே எமது கருத்து. விண்டோஸ் 95க்கு 4 மெகாபைற்று நினைவகம் போதும் எனப்பட்டது, என்.ரி.யின் முதற் பதிப்போ 12 மெகாபைற்று வேண்டிநின்றது. நினைவகம் விலைமிக்கதாயிருந்த அக்காலத்தில், பழைய டொஸ் விளையாட்டுகளையும் கைவிட விரும்பாத வீட்டுப் பயனாளருக்கு நொய்தானதே விற்கப்பட்டது. உறுதியானது அலுவலகங்களைச் சென்றடைந்தது. 2001இல் எக்ஸ்பி வெளிவந்தபோதே என்.ரி. மரபு இல்லங்களுட் பரவலாகப் புகுந்தது.