பழைய மோட்டார் படகுக்கு மூடிய கேபின்: கூரை போடும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள பகுதிகளில், வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய பழைய மோட்டார் படகைப் பார்ப்பது சாதாரணம். பெரும்பாலும் 1970-களில் செய்த, 18 முதல் 20 அடி நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் படகுகள். "இடத்தை அடைக்குது, எடுத்துட்டுப் போங்க" என்று சும்மாவே கொடுப்பவர்களும் உண்டு.

வாங்குபவருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, படகைப் புதுசு மாதிரி ஆக்க வேண்டும். இரண்டாவது, திறந்த படகின் மேல் கண்ணாடி, கதவு எல்லாம் வைத்த கெட்டியான கூரை போட வேண்டும். இதைத்தான் 'ஹார்டு டாப்' என்கிறார்கள். பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரை மழைத் தூறல். கோடையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். கூரை இருந்தால் வருடம் முழுக்க மீன் பிடிக்கப் போகலாம்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் ஒரு கூரை, படகின் குணத்தையே மாற்றிவிடும். எப்படி?

50 வருடப் படகு இன்னும் தாங்குமா?

ஃபைபர் கிளாஸ் மக்காது. மக்குவது அதற்குள் இருக்கும் மரம். அன்றைய படகுகள் பலவற்றில், இன்ஜின் மாட்டும் பின்பக்கச் சுவரான டிரான்ஸமுக்குள் பிளைவுட் இருக்கும். அடிப்பகுதிக்கு முதுகெலும்பு போல நீளவாக்கில் ஓடும் 'ஸ்டிரிங்கர்'களிலும் மரம்தான். சரியாக அடைக்காத ஒரு திருகு ஓட்டை போதும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே பளபளப்பு குறையாமலே உள்ளே மரம் இற்றுப்போகும்.

இதைக் கண்டுபிடிக்க முதல் கருவி சின்ன சுத்தியல். தட்டினால் 'டக் டக்' என்று கணீரெனக் கேட்டால் பெரும்பாலும் நல்லது. 'தொப் தொப்' என்று மந்தமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். அடுத்து, உள்பக்கமாகச் சிறு துளை போட்டுப் பாருங்கள். காய்ந்த, வெளிர் நிற மரத்தூள் வந்தால் நிம்மதி. ஈரமான கறுப்புத் தூள் வந்தால், வேலை பெரிசு.

தரைக்கு அடியில் மிதப்புக்காக அடைத்த ஃபோமையும் பாருங்கள். பல வருடம் தண்ணீரில் ஊறிய ஃபோம் நூறு கிலோவுக்கு மேல்கூட எடை சேர்க்கலாம். பழைய பெட்ரோல் டேங்க், வயரிங் இரண்டையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

இற்றுப்போன மரத்தை வெட்டி எடுத்து, புதிய மரைன் பிளைவுட் வைத்து, எபாக்ஸி ரெசினும் கண்ணாடி இழையும் கொண்டு மூடுவார்கள். விலை குறைவான பாலியெஸ்டர் ரெசினைவிட எபாக்ஸி பழைய பரப்பில் நன்றாக ஒட்டும். தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் கட்டாயம்.

கூரையின் எடை 80 கிலோதானே?

எவ்வளவு எடை என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பஸ் மேல் மூட்டை ஏற்றினால் வளைவில் எப்படிச் சாயும்? அதே கதைதான்.

ஒரு எளிய கணக்கு. ஆட்களோடு 1,000 கிலோ உள்ள படகு. அதன் எடை மையத்திலிருந்து 1.6 மீட்டர் மேலே 80 கிலோ கூரை வைக்கிறீர்கள். 80-ஐ 1.6-ஆல் பெருக்கி, மொத்த எடையான 1,080-ஆல் வகுத்தால், எடை மையம் சுமார் 12 சென்டிமீட்டர் மேலே போகிறது. சின்னப் படகுக்கு இது பெரிய மாற்றம். சாய்ந்தால் நிமிர்ந்து வரும் சக்தி குறையும். அதே கூரையை 40 கிலோவில் முடித்தால், உயர்வு 6 சென்டிமீட்டர்தான்.

அதனால்தான் அனுபவசாலிகள் கனமான பிளைவுட்டைத் தவிர்த்து, நடுவே ஃபோம், இருபுறமும் மெல்லிய ஃபைபர் கிளாஸ் என்று சாண்ட்விச் மாதிரி கூரை செய்கிறார்கள். உயரத்தையும் தேவைக்கு மேல் வைப்பதில்லை. கூரை மேல் ஆள் ஏறுவது, சாமான் கட்டுவது கூடவே கூடாது.

1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் தயாரான 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில், எத்தனை பேர், எவ்வளவு எடை என்று சொல்லும் தகடு இருக்கும். கூரை எடையை அந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். 80 கிலோ என்றால், ஏறக்குறைய ஒரு ஆள் குறைவு.

காற்று என்ன செய்யும்?

மூடிய பக்கச் சுவர் ஒரு பாய்மரம் மாதிரி. 3 சதுர மீட்டர் பக்கச் சுவரில் மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று அடித்தால், சுமார் 40 கிலோ தள்ளுவிசை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. கரையில் கட்டும்போது படகு பக்கவாட்டில் ஓடும். எனவே கூரைத் தூண்களை வெறும் திருகில் நிறுத்தாமல், அடியில் உலோகத் தகடு வைத்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பலர் மறப்பது கார்பன் மோனாக்சைடு. முன்பக்கம் மூடி, பின்பக்கம் திறந்திருக்கும் படகு ஓடும்போது, பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. இன்ஜின் புகை அந்த வழியே கேபினுக்குள் இழுக்கப்படும். இந்த வாயுவுக்கு வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல்தான் அறிகுறி. 'கடல் ஒத்துக்கலை' என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். அங்கேதான் உயிர் போகிறது.

தீர்வு எளிது. முன்பக்கம் திறக்கக்கூடிய ஜன்னல் வையுங்கள், ஓடும்போது அதைத் திறந்து வையுங்கள். படகுக்கென்றே செய்த அலாரம் மாட்டுங்கள். ஹீட்டர் வைத்தால் அதன் புகை வெளியே போக வேண்டும்.

கவிழ்ந்தால் வெளியே வர முடியுமா?

திறந்த படகில் தண்ணீரில் விழுவீர்கள். மூடிய படகில் உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம். கதவைத் தவிர, ஆள் நுழையும் அளவு இன்னொரு வழி வேண்டும். தண்ணீர் பட்டதும் தானாக ஊதும் லைஃப் ஜாக்கெட்டை கேபினுக்குள் அணியாதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால், அது உங்களைக் கூரையோடு அழுத்திவிடும். கயிறை இழுத்தால் ஊதும் வகை இங்கே பொருத்தம்.

சரி, செய்யலாமா வேண்டாமா?

பாதியில் கைவிட்ட படகு யாருக்கும் பயன்படாது. வாஷிங்டன் மாநிலத்தில் கைவிடப்பட்ட படகுகளை அகற்றவே 2002-இல் சட்டம் வந்தது. எனவே வரிசை முக்கியம். முதலில் டிரான்ஸமும் ஸ்டிரிங்கரும். அடுத்து டேங்க், வயரிங், இன்ஜின். கூரை கடைசி. அதற்கு முன் ஒரு சோதனை: கூரை எடைக்குச் சமமான மணல் மூட்டைகளை, கூரை வரும் இடத்துக்கு நேர் கீழே, இருக்கை உயரத்தில் கட்டி, அமைதியான தண்ணீரில், கரையோரமாக, லைஃப் ஜாக்கெட் போட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

அந்த உயரத்திலேயே படகு தள்ளாடினால், கெட்டிக் கூரையை மறந்துவிட்டு, உலோகச் சட்டமும் கேன்வாஸும் போதும் என்று முடிவெடுங்கள். நன்றாக ஓடினாலும் அதுவே இறுதிச் சான்று இல்லை. நிஜக் கூரை இன்னும் மேலே இருக்கும். படகு வடிவமைப்பு தெரிந்த ஒருவரிடம் கணக்கைக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.