நெடுந்தூர இலக்கும் சிறு தோட்டாவும்

குறிபார்த்து எய்தலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கண்ணின் கூர்மையையும் கையின் உறுதியையுமே வியந்து பேசுவர். துரோணர் வினவியபொழுது, மரத்திலிருந்த பறவையின் தலையன்றிப் பிறிதொன்றும் தன் கண்ணுக்குத் தோன்றவில்லை என அருச்சுனன் விடையிறுத்த கதையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். அவன் கையிலிருந்த அம்பு நேரியதோ வளைந்ததோ என வினவினாரை மட்டும் நாம் கேட்டிலோம். வளைந்த அம்பாயின் அருச்சுனன் கண்ணும் அங்கே பயன்பட்டிராது. துப்பாக்கியால் நெடுந்தூர இலக்கைச் சுடுவார்க்கும் இவ்வுண்மை பொருந்தும். அவர்க்கு அம்பாவது தோட்டா. அதனைத் தேர்ந்துகொள்ளும் முறையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, தீமூட்டும் மருந்து, உந்தும் வெடிமருந்து, ஈயக் குண்டு. பெரிய தோட்டாக்களில் தீமூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவே ஒரு சிறு கிண்ணத்தில் அமைந்திருக்கும். நாம் பேசப் புகுந்த சிறு தோட்டாவிலோ, அம்மருந்து கூட்டின் அடியிலுள்ள விளிம்பின் உட்புறத்தே வட்டமாகப் பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்கியவுடன் தீப்பற்றுகிறது. இது பற்றியே இதனை 'ரிம்பயர்', அஃதாவது விளிம்பில் தீப்பற்றும் தோட்டா, என்பர். 1845-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் புளோபேர் என்பார் இவ்வகைக்கு வித்திட்டார். 1857-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் '.22 ஷார்ட்' தோட்டாவை வெளியிட்டனர். 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய '.22 லாங் ரைபிள்' என்பதே இன்று உலகெங்கும் வழங்குவது. அதன் குண்டின் விட்டம் ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர், நிறை பெரும்பாலும் 2.6 கிராம்.

ஒலிம்பிக் ரைபிள் பந்தயத்தில் இத்தோட்டாவுக்குரிய தூரம் 50 மீட்டர். 2024-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் பெற்றது இத்தூரத்தில்தான். இக்காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே தோட்டாவைக் கொண்டு 200 மீட்டரும் அதற்கப்பாலும் சுடும் போட்டிகள் பெருகியுள்ளன. பெருந்தோட்டாவுக்கு 1,000 மீட்டர் வெளியில் நேரும் இடர்களையெல்லாம், குண்டின் தாழ்வையும் காற்றின் விலக்கையும், சிறு தோட்டா குறுகிய வெளியிலேயே காட்டிவிடுகிறது. பயில்வார்க்குச் செலவும் குறைவு.

ஆயினும் இங்கு ஒரு தடை உண்டு. பெருந்தோட்டாவைப் பயன்படுத்துவோர், சுட்ட கூட்டில் தம் துப்பாக்கிக்கு ஏற்ற அளவாக மருந்தையும் குண்டையும் தாமே நிரப்பிக்கொள்வர். ரிம்பயர் தோட்டாவின் விளிம்பு ஒரு முறை நசுங்கியபின் மீண்டும் பயன்படாது. ஆதலின் ஆலையினின்று வந்தது வந்தபடியே கொள்ளவேண்டும். திருத்திக்கொள்ள வழியில்லாத இடத்தில், தேர்ந்துகொள்ளும் அறிவு ஒன்றே நமக்குத் துணையாகும்.

கடையில் நிற்கும் புதியவர் முதலில் நாடுவது வேகத்தையே. இலக்கு தொலைவிலிருப்பின் குண்டு விரைந்து செல்லவேண்டும் என்று எண்ணுவது இயல்பே. விற்பனையிலுள்ள தோட்டாக்களுள் 'ஸ்டாண்டர்டு' வகையின் குண்டு வினாடிக்கு 325 மீட்டர் அளவில் புறப்படும். 'ஹை வெலாசிட்டி' என்னும் விரைவு வகையின் குண்டு 380 மீட்டர் அளவில் புறப்படும். காற்றில் ஒலியின் வேகமோ, வெப்பம் 20 பாகையாயின் வினாடிக்கு 343 மீட்டர். எனவே விரைவுக் குண்டு ஒலியை முந்திப் புறப்பட்டு, 100 மீட்டர் செல்வதற்குள் ஒலிக்குப் பின்தங்கிவிடுகிறது. அவ்வெல்லையைக் கடக்குங்கால் குண்டைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் மாறுதலால் அதன் செலவு தடுமாறக்கூடும். ஸ்டாண்டர்டு குண்டோ முதலிலிருந்தே ஒலிக்குக் கீழ்ப்பட்டுச் செல்வதால் அக்கலக்கத்திற்கு உள்ளாவதில்லை.

காற்றின் விலக்கிலும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பக்கக் காற்று குண்டை விலக்கும் அளவு, அது பறந்த காலத்தைப் பொறுத்ததன்று. தடையால் அது இழந்த காலத்தைப் பொறுத்தது. ஒலியின் வேகத்தை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் காற்றுத்தடை மிகுதி. அதனால் விரைவுக் குண்டு தன் வேகத்தை மிகுதியாக இழந்து, 100 மீட்டரில் ஸ்டாண்டர்டு குண்டைவிட அதிகமாகவே ஒதுங்குகிறது. முன்னதாகச் சென்று சேர்வது நெறி பிறழாமற் சேர்வதாகாது.

அங்ஙனமாயின் வேண்டுவது யாது? ஒருமைப்பாடே. ஒரு பெட்டியிலுள்ள 50 தோட்டாக்களும் ஒரே வேகத்தில் குண்டை விடுத்தல் வேண்டும். இதனைக் கணக்கிட்டுக் காண்போம். 325 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 50 மீட்டர் செல்வதற்குள் புவியீர்ப்பினால் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் தாழும். 200 மீட்டர் செல்வதற்குள் 2 மீட்டருக்கு மேல் தாழும். தாழ்வு எவ்வளவாயினும் அஃது ஒரே அளவாயிருப்பின் குறிக்கருவியை உயர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் இரண்டு தோட்டாக்களின் வேகம் வினாடிக்கு 10 மீட்டர் வேறுபட்டால், 50 மீட்டரில் குண்டுகள் 7 மில்லிமீட்டர் அளவே மேலும் கீழுமாக விலகும். 200 மீட்டரிலோ ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் விலகும். தூரம் நான்கு மடங்காகப் பிழை பதினாறு மடங்காகிறது. அண்மையில் மறைந்து கிடந்த குற்றம் சேய்மையில் வெளிப்பட்டு விடுகிறது.

ஒருமைப்பாடுடைய தோட்டாவும் எல்லாத் துப்பாக்கிக்கும் ஏற்றதாகாது. 16 அங்குலத்திற்கு ஒரு சுற்றாகக் குழலினுள் வரியிடுவது பெருவழக்கு, 2.6 கிராம் குண்டுக்கு அது பொருந்தும். மெக்ஸிகோ நாட்டு அகிலா நிறுவனம் விற்கும் 3.9 கிராம் குண்டு அத்தகைய குழலில் போதிய சுழற்சி பெறாது பெரும்பாலும் தள்ளாடும். ஒரே பெயருள்ள தோட்டாவும் ஒரு முறை ஆக்கியதற்கும் மறுமுறை ஆக்கியதற்கும் சிறிது வேறுபடும். பெட்டியின்மேல் லாட் எண் குறிப்பதன் பயன் இதுவே. 1828-இல் தொடங்கிய இங்கிலாந்தின் ஈலி நிறுவனமும், 1923-இல் தொடங்கிய பின்லாந்தின் லாபுவா நிறுவனமும், சுடுவோர் தம் துப்பாக்கியைக் கொணர்ந்து பல லாட்டுகளை ஒப்பிட்டுத் தேர்ந்துகொள்வதற்கென்றே சோதனைக் கூடங்களை அமைத்துள்ளன.

அக்கூடங்களுக்குச் செல்ல இயலாதார் செய்யத்தக்கது எளிதே. ஸ்டாண்டர்டு வகையில் மூன்று நான்கு பெயர்களைச் சிறு அளவில் வாங்குக. காற்று அடங்கிய காலைப்பொழுதில், துப்பாக்கியைத் தாங்கியின்மேல் வைத்து, 50 மீட்டரில் சோதிக்க. ஈயக் குண்டின்மேல் மெழுகோ கொழுப்போ பூசப்பட்டிருத்தலின், தோட்டாவை மாற்றும்பொழுதெல்லாம் முதற் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் கொள்ளற்க. அதற்குள் புதிய பூச்சு குழலிற் படிந்துவிடும். பின்னர் ஐந்து ஐந்தாகப் பலமுறை சுட்டு, துளைகளின் பரப்பை அளந்து குறித்துக்கொள்க. அவற்றுள் சிறந்த இரண்டை 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் ஆராய்ந்து, மேலும் கீழுமான விலக்கைச் சிறப்பாக நோக்குக. தேர்ந்தபின் அதே லாட் எண்ணை ஆண்டு முழுமைக்கும் போதுமான அளவு வாங்கி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்க.

இச்சோதனையில் மனம் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஐந்து குண்டுகள் ஒரே துளையிற் புகுந்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பரந்து விழுந்த தாள்களைக் கிழித்தெறிய விரும்புகிறோம். அங்ஙனம் செய்தால் மட்டமான தோட்டாவும் உயர்ந்ததாகத் தோன்றும். போட்டியிலோ நாம் சுடும் ஒவ்வொரு குண்டும் எண்ணப்படும். ஆதலின் எல்லாத் தாள்களையும் வைத்துக்கொண்டு, ஒரு தோட்டாவை அதன் மிகச் சிறந்த செயலால் மதியாது மிகத் தாழ்ந்த செயலால் மதிப்பதே முறை. விலையும் இதற்குச் சான்றாகாது. விலை மிகுந்தது நம் குழலுக்கு ஒவ்வாமற் போதலும், நடுத்தர விலையினது ஒத்துவருதலும் உண்டு.

இறுதியாக ஒன்று. சிறு தோட்டா என்னும் பெயரால் எவரும் அதனை எளிதாக எண்ணலாகாது. அதன் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் சென்று உயிர்க்கு ஊறு செய்யவல்லது. ஆதலின் இலக்கின் பின்னே உயர்ந்த மண்மேடு உள்ள, உரிமை பெற்ற சுடுகளத்திலன்றி நெடுந்தூரப் பயிற்சியைத் தொடங்கலாகாது. தோட்டாவைத் தேர்வதற்கு முன்னரே அக்களத்தைத் தேர்ந்துகொள்ளுதல் நம் கடமையாகும்.